திரும்ப ஓடும் தடம்

முனைவர் பட்ட ஆய்வுக்காக 2023இல் ஐதராபாத் வந்து சேர்ந்த முதல் மாதமே, படிப்பு முடித்து ஊர் திரும்பிய மாணவர் ஒருவரிடமிருந்து பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து சென்ற பயணங்களில் பெரும்பாலானவை கைப்பேசியின் வரைபடச் செயலியில் பதிவாகியிருக்கின்றன. காலையில் ஓட்டுவது ஒரு பழக்கம். இரவில், ஆய்வேட்டின் எந்த இயலும் நகராத வேளைகளில், அப்பயணங்களை மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது இன்னொரு பழக்கம். செயற்கைக்கோள் படத்தின்மேல் ஒரு புள்ளி புறப்படுகிறது; அதன் பின்னால் ஆரஞ்சு நிறக் கோடு நீள்கிறது; ஒன்றரை மணிநேரப் பயணம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. விடுதித் தோழி இதைக் கண்ணாடி பார்க்கும் வேலை என்று கேலி செய்வாள். ஆனால் அந்தப் புள்ளியில் என் முகம் தெரிவதில்லை. மொழியியல் படித்தவளுக்கு அது ஒலிப்பதிவின் எழுத்துப்படி போலத்தான் தெரிகிறது. பேசியவர் எழுந்து போய்விட்டார். பேச்சின் எலும்பு மட்டும் தாளில் இருக்கிறது.

அந்தக் கோட்டின் அடியில் இருப்பது மிக எளிய ஒரு கோப்பு. ஜி.பி.எக்ஸ். என்னும் அந்த வடிவம் 2002இல் வெளியானது. உரைத்திருத்தியில் திறந்தால் எவரும் படித்துவிடலாம்: ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அகலாங்கு, ஒரு நெட்டாங்கு, கடல்மட்டத்திலிருந்து உயரம், நேரக்குறி. அவ்வளவே. என் கைப்பேசி ஏறத்தாழ நொடிக்கு ஒரு புள்ளி வைக்கிறது. அப்படியானால் ஒன்றரை மணிநேரப் பயணம் என்பது ஐயாயிரத்துச் சொச்சம் வரிகள். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் துணைக்கோள்களில் குறைந்தது நான்கின் குறிகைகளை வாங்கி, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி இடத்தைக் கணிக்கிறது. நிதி மாவட்டத்தின் கண்ணாடிக் கோபுரங்களுக்கிடையே போகும்போது குறிகை சுவர்களில் பட்டுத் தெறித்து, சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. அந்த இடங்களில் மறுஓட்டம் வேடிக்கையாக இருக்கும். சாலையோரமாய் ஒழுங்காய் வந்த புள்ளி திடீரென்று ஓர் அலுவலகத்தின் உள்ளே புகுந்து, நான்கு மேசைகளைக் கடந்து, மறுபக்கச் சுவர் வழியாக வெளியே வரும். அங்கே நான் வேலைக்கு விண்ணப்பித்ததுகூட இல்லை.

மறுஓட்டத்தில் நான் முதலில் தேடுவது நின்ற இடங்களை. சக்கரம் நின்றாலும் கருவி புள்ளி வைத்துக்கொண்டே இருக்கும். பிழைவிளிம்புக்குள் அவை சிதறி நூல் சிக்கு விழுந்ததுபோல ஒரு முடிச்சு உண்டாகும். நல்லகண்ட்லா அருகே ஒரு முடிச்சு: ஈரானி தேநீர். கோபனபள்ளிச் சாலையில் இன்னொன்று: சக்கரத்தில் காற்று இறங்கிய நாள். ஆனால் பெரும்பாலான செயலிகள் 'ஓடிய நேரம்', 'மொத்த நேரம்' என்று இரண்டாகப் பிரித்து, முதலாவதையே பெரிய எழுத்தில் காட்டுகின்றன. நின்ற நேரம் கழிவு. உரையாடல் பகுப்பாய்வு கற்றவர்களுக்கு இது சற்றே வலிக்கும். கெயில் ஜெஃபர்சன் வகுத்த எழுத்துப்படி முறையில் இருவர் பேச்சுக்கிடையே விழும் மௌனத்தை நொடியின் பத்தில் ஒரு பங்குவரை அளந்து அடைப்புக்குறிக்குள் எழுதுவோம். ஒரு கேள்விக்கும் விடைக்கும் நடுவே விழும் ஒரு நொடி மௌனம், விடை எதுவாக இருக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். செயலிகளைச் செய்தவர்கள் ஓட்டப்பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள். பந்தயத்தில் நிற்பவர் தோற்றவர்.

இதனால்தான் நகரம் பெருமையோடு காட்டும் சூரியக்கூரை மிதிவண்டித் தடம் எனக்கு மறுஓட்டத்தில் சலிப்பூட்டுகிறது. வெளிவட்டச் சாலையை ஒட்டி நானக்ராம்குடா, நார்சிங்கி, கொல்லூர்ப் பக்கங்களை இணைத்து 23 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்து, 2023 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். மேலே 16 மெகாவாட் மின்னாக்கும் தகடுகள். கீழே வெயிலும் லாரியும் இல்லாத பாதை. ஓட்டுவதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்நகரில் எனக்குத் தெரியாது. வெயிற்காலத்தில் மனம் கனிந்து நன்றி சொல்வேன். ஆனால் இரவில் ஓடவிட்டால் ஒரு கோடு போகிறது, அதே கோடு திரும்பி வருகிறது. முடிச்சே விழாத பயணத்தில் படிக்க ஒன்றுமில்லை.

படிக்க நிறைய இருப்பது பழைய ஊர்களுக்குள் நுழைந்து வெளியேறும் தடங்களில். புள்ளி நகர நகர அடியில் ஊர்ப்பெயர்கள் தோன்றி மறைகின்றன. தெலுங்கு 'செருவு' ஏரி. தமிழின் 'செறு' வயலையும் குளத்தையும் குறிக்கும், செறுத்தல் என்றால் தடுத்து அடக்குதல். 'குண்டா' சிறு நீர்நிலை. நம் குண்டும் குட்டையும் அருகே வந்து நிற்கும். 'பண்டா' பாறை. 'குட்டா' குன்று, அதைக் கேட்கும் தமிழர் குட்டையை நினைத்துப் பள்ளத்தைத் தேடினால் ஏற்றத்தில் மாட்டிக்கொள்வார்கள். கச்சிபௌலியின் 'பௌலி' படிக்கிணறு. மாசப் டேங்க் என்ற பெயரில் மா சாகிபாவின் ஏரி சுருங்கிக் கிடக்கிறது. ஏரி போய்விட்டது, பெயரில் மட்டும் ஆங்கிலத் தொட்டியாய்த் தங்கியிருக்கிறது. என் வழக்கமான தடத்தில் கௌலிதொட்டி என்றோர் ஊர் வரும். கௌலி இடையர், தொட்டி மாட்டுக்கொட்டில். அதற்குச் சற்றுத் தள்ளிக் கஞ்ச கச்சிபௌலி. தெலுங்கில் 'கஞ்ச' வேலியையும் மேய்ச்சல் நிலத்தையும் குறிக்கும் சொல். (தமிழில் எழுதும்போது வேறு ஏதோ நினைவுக்கு வந்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.) இருபது மாடிக் கட்டடங்களின் இடையே புள்ளி ஓடும்போது பெயர்கள் மட்டும் மாடு மேய்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பயணங்களை நான் முதலில் காட்டியது அம்மாவுக்கு. அவர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பால்வாடி உதவியாளர். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அவர் கையில் கைப்பேசியைக் கொடுத்து ஒரு பயணத்தை ஓடவிட்டேன். மகள் போன தூரத்தைப் பார்த்து வியப்பார் என்பது என் எதிர்பார்ப்பு. அவர் கேட்டது வேறு.

"ஏம்மா, மொதல்ல கெழக்க போற, அப்புறம் தெக்க எறங்கி மறுபடி வடக்க வர்ற. நேரா போக வழியில்லையா?"

"இருக்கும்மா. பாலத்துல லாரி ஜாஸ்தி. அதான் சுத்திப் போறேன்."

"அப்படின்னா மேக்கால ஒரு வழி தெரியுதே, அது?"

வரைபடம் என்ற ஒன்றை அவர் அதிகம் பார்த்தவரல்லர். ஆனால் எது வடக்கு என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மறுஓட்டத்தில் வரைபடம் எப்போதும் வடக்கை மேலே வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்; புள்ளிதான் நகரும். அது அம்மாவின் மொழி. இதே செயலி வழிகாட்டும்போது வேறொரு மொழி பேசும்: வரைபடம் முழுதும் நமக்கேற்பச் சுழலும், குரல் இடப்புறம் வலப்புறம் என்று ஆணையிடும். அதையும் ஒருமுறை அவருக்குக் கேட்கவைத்தேன். "யாருக்கு இடது? அவ எந்தப் பக்கம் பாத்து நிக்கிறான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழைய செய்தி. 1990களில் நெதர்லாந்தின் நைமேகனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் இடமொழி ஆய்வுகளின் ஒரு பகுதியாக எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்தார். ஒரே மொழியைப் பேசுவோருக்குள்ளேயே கிராமத்தவர் வடக்கு தெற்கு என்னும் திசைச் சட்டகத்தையும், நகரத்தவர் இடம் வலம் என்னும் உடற்சட்டகத்தையும் கூடுதலாகச் சார்ந்திருப்பதை அவர் காட்டினார். ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியைப் பற்றி ஹாவிலண்டும் லெவின்சனும் எழுதியவை உலகப்புகழ் பெற்றன. நம் வீட்டு அடுப்படியில் 'தெக்க இருக்குற தூக்க எடு' என்று சொல்லப்படுவதை அதே ஆய்வுவரிசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்று பெடர்சனின் கட்டுரையைப் படித்த பிறகுதான் பலருக்குத் தோன்றியது. முதுகலை வகுப்பில் நான் அதைப் படித்தபோது, தூக்கு எடுத்துக் கொடுத்தவள் நான் என்பதால், கூடுதலாகவே மகிழ்ந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கிழக்கு, மேற்கு என்பவை கீழ், மேல் என்பவற்றின் உறவுகள். மேற்கில் மலை, கிழக்கில் கடல் என்று சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள். ஐதராபாத்துக்கு அவை பொருந்துமா என்று ஒருநாள் உயர வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மூசி ஆறு மேற்கே அனந்தகிரிக் குன்றுகளில் பிறந்து நகரின் குறுக்கே கிழக்குநோக்கிப் பாய்கிறது. கச்சிபௌலியிலிருந்து சார்மினாருக்குத் தென்கிழக்கே போகும் பயணத்தில் ஏறுவதைவிட இறங்குவது அதிகம். திரும்பும்போது தொடை அதை வட்டியோடு கணக்குத் தீர்க்கும். மேற்கு இங்கேயும் மேலேதான் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "பின்ன?" என்றார்.

அவர் மிதிவண்டி கற்றது 1991இல். அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்த காலம். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான வண்டிகள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் வண்டியையே பலர் வாங்கினார்கள் என்பதும், நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள் என்பதும் அவர் எழுதியவைதான். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. குழந்தை இல்லை, நடுக்கம்பியில் தண்ணீர்க்குடம் கட்டினார். அவர் ஓட்டிய வழிகளுக்கு எந்தக் கோப்பும் கிடையாது. கேட்டால் சொல்வார்: அய்யனார் கோயிலுக்கு வடக்கே, கண்மாய்க்கரை ஏறி, கல்குவாரிக்கு மேற்கே. சொல்லும்போது கை தானாகத் திசைகளை நோக்கி நீளும். வீட்டுக்குள் எந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் சரியான பக்கத்துக்கே நீளும்.

ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்களின் தடங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உலக வெப்ப வரைபடம் ஒன்றை வெளியிடுகிறது. (அப்பெயர் 'முயல்' என்று பொருள்படும் சுவீடிய வினையிலிருந்து வந்தது. ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு இவ்வளவு நேர்மையான பெயர் அரிது.) மிகுதியாகப் போன வழிகள் ஒளிர்கின்றன, போகாதவை இருட்டு. அதில் அம்மாவின் ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருட்டு. பிறகு ஐதராபாத்துக்கு வந்தேன். தடங்கள் நரம்புகள்போல் மின்னின. ஆனால் காலை ஆறு மணிக்கு நான் கோக்காப்பேட்டைப் பக்கம் போகும்போது என்னைக் கடந்து போகும் மிதிவண்டிகளில் பாதிக்குமேல் கட்டுமானத் தொழிலாளர்களுடையவை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். கைப்பிடியில் சாப்பாட்டுத் தூக்கு, தலையில் மஞ்சள் கவசம். இந்நகரில் நாள்தோறும் தவறாமல் மிதிவண்டி ஓட்டுவோர் அவர்கள்தாம். அவர்களில் எவருடைய கோடும் அந்த ஒளியில் கலந்திருக்க வாய்ப்பில்லை. தரவகம் தொகுக்கும் நாம் இந்தக் குறையை நன்கு அறிவோம்: நாளிதழ்களை மட்டும் திரட்டிவிட்டு 'தமிழ்' என்று பெயரிடுவது. நகராட்சிகளும் திட்ட வல்லுநர்களும் இத்தகைய வரைபடங்களைக் கொண்டு எங்கே மிதிவண்டிப் பாதை வேண்டும் என்று முடிவெடுக்கத் தொடங்கினால், மஞ்சள் கவசங்களுக்குப் பாதை கிடைக்காது. எனக்குக் கிடைக்கும். சூரியக்கூரையோடு.

ஒளியிலும் தீங்கு உண்டு. 2017 நவம்பரில் வெளியான அந்த வரைபடத்தில், ஆள்நடமாட்டமற்ற பாலைநிலங்களின் நடுவே சிறு ஒளிக்கட்டங்கள் இருப்பதை 2018 சனவரியில் நேதன் ரூசர் என்ற இருபது வயது ஆஸ்திரேலிய மாணவர் கவனித்தார். இராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய தடங்கள் அவை. 2024 அக்டோபரில் பிரான்சின் லெ மோந்த் நாளிதழ், அதிபர்களின் மெய்க்காவலர்கள் பதிவேற்றிய ஓட்டங்களைக் கொண்டே அதிபர்கள் எங்கே தங்குவார்கள் என்று கணிக்க முடிவதைக் காட்டியது. இவற்றைப் படிக்கும்போது முகாமும் அதிபரும் நமக்குத் தொலைவு என்று தோன்றும்.

எனக்குத் தொலைவாக இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் ஒருநாள், நான் பயன்படுத்தும் செயலியில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து குறிப்பு வந்தது. மரியாதையான ஆங்கிலம். கடந்த வாரம் முழுதும் ஆறு மணிக்கு வந்தீர்களே, இன்று ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார். அதில் ஒரு சொல்கூடத் தவறானதல்ல. எந்தப் புகார்ப் படிவத்திலும் எழுத முடியாத வாக்கியம். ஆனால் என் தடம் எந்த வாயிலில் தொடங்குகிறது, எந்த மணிக்குத் தொடங்குகிறது, எந்த வளைவில் ஆளரவம் இருக்காது, எங்கே நான் நின்று தண்ணீர் குடிப்பேன் என்பதையெல்லாம் அவர் என்னைப் போலவே மறுபடி ஓடவிட்டுப் பார்த்திருக்க முடியும். முடிச்சுகளைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. அன்றே பதிவுகள் அனைத்தையும் பிறர் பார்க்க முடியாதபடி மாற்றினேன். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வட்டத்தை வரைந்தேன். புறப்படும் நேரத்தைக் கலைத்தேன். மூன்று வாரம் வண்டியை எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னால் ஓட்டவே வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். ஏறத்தாழ நான்கு நொடி, பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டேன். பிறகு, "டீக்கடையில உக்காந்து கத்துவானுங்க அப்ப. நாங்க நாலு பேராப் போவோம். நீ ஏன் ஒத்தையில போற?" என்றார். இப்போது வார இறுதிகளில் நாங்கள் மூவர் போகிறோம்: ஒரு மலையாளி, ஓர் அசாமியர், நான். நாலாவது ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். மலையேறும் பற்சக்கரம் உள்ள வண்டி வைத்திருப்பவருக்கு முன்னுரிமை.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த செய்திக்கு வருகிறேன்.

1974இல் நிறுவப்பட்ட ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2025 மார்ச் இறுதியில் அங்கே இயந்திரங்கள் நுழைந்தன. சில நாட்களில் பெரும்பரப்பில் மரங்கள் சாய்க்கப்பட்டன. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துப் பணியை நிறுத்தியது. ஏறக்குறைய நூறு ஏக்கர் அழிக்கப்பட்டதாக நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட இடைக்கால அறிக்கை கூறியது. நில உரிமை பற்றிய நீண்ட வழக்கைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. என்னிடம் இருப்பது 37 தடங்கள். 2023 டிசம்பருக்கும் 2025 மார்ச்சுக்கும் இடையே அந்தப் புதர்க்காட்டினுள் ஒற்றையடிப் பாதைகளில் நான் ஓட்டியும் தள்ளியும் சென்ற பயணங்கள். காளான் பாறை என்று மாணவர்கள் அழைக்கும் பாறைவரை ஒரு கிளை. நீர் தேங்கும் பள்ளத்தைச் சுற்றி ஒரு கிளை. மயிலுக்காக நின்ற முடிச்சுகள் ஏராளம்.

ஏப்ரலில் ஓரிரவு அவற்றை ஓடவிட்டேன். செயலியின் செயற்கைக்கோள் படம் பழையது. காடு அப்படியே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும். பத்து மீட்டருக்கு ஒரு படப்புள்ளி, சில நாட்களுக்கு ஒரு படம். மார்ச் முதல்வாரப் படத்தையும் ஏப்ரல் படத்தையும் இறக்கி அதே தடங்களை மேலே வைத்தேன். முதற்படத்தில் கோடு பச்சைக்குள் வளைந்து வளைந்து போகிறது. இரண்டாவதில் அதே கோடு வெற்றுச் செம்மண்ணின்மேல் வளைந்து வளைந்து போகிறது. வளைவதற்கு அங்கே காரணம் எதுவும் இல்லை. மரத்தைச் சுற்றிப் போன வளைவு மரம் இல்லாமல் நிற்கிறது. சில சொற்களில் ஒலி தேய்ந்து மறைந்த பிறகும் முன்னிருந்த உயிர் நீண்டு நின்று அந்த ஒலியின் இடத்தைக் காட்டும். ஈடுசெய் நீட்சி என்று வகுப்பில் சொல்லித்தருவோம். எனக்கு அப்போது தோன்றியது அதுதான்.

இந்தத் தடங்களை ஒழுங்குபடுத்தித் தந்தால் தாவரங்களையும் பறவைகளையும் ஆவணப்படுத்தும் மாணவர்களுக்கு உதவும் என்று தோழி ஒருவர் சொன்னார். சிதறல்களை நீக்க, தடப்பொருத்தம் செய்யும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினேன். அதன் உள்ளே ஓடுவது நமக்குத் தெரிந்த பொறிதான். 'படி' என்ற சொல் தனியே நின்றால் மாடிப்படியா, அளக்கும் படியா, பாடத்தைப் படியென்னும் ஏவலா என்று தெரியாது. முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு முடிவுசெய்கிறோம். சொல்வகை அடையாளமிடும் நிரல்கள் இதை மறை மார்க்கோவ் மாதிரியாக அமைத்து, விட்டர்பி நெறிமுறையால் மிகவும் ஏற்புடைய வரிசையைத் தேர்ந்தெடுக்கும். 2009இல் நியூசன், கிரம் என்னும் இரு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இதையே சாலைகளுக்குப் பொருத்தினார்கள். சிதறிய புள்ளிகள் நம் காதில் விழுவன; உண்மையில் சென்ற சாலை மறைந்திருப்பது. புள்ளிக்கு அருகிலுள்ள சாலைகளில் எது, முன்பின் புள்ளிகளோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்தும் என்று நிரல் கணிக்கிறது. அழகான சிந்தனை. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று பகல் முழுதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

37 தடங்களையும் அதனுள் செலுத்தினேன். வெளிவந்தவற்றில் ஒன்றுகூடக் காட்டுக்குள் இல்லை. அந்த ஒற்றையடிப் பாதைகள் மென்பொருள் எடுத்துக்கொண்ட வரைபடத்தில் வரையப்பட்டிருக்கவில்லை. சாலை இல்லாத இடத்தில் ஒருவர் போயிருக்கக்கூடும் என்ற நிலையே அந்த மாதிரியில் கிடையாது. அகராதியில் இல்லாத சொல்லைக் கேட்கும் நிரல் அருகிலுள்ள வேறொரு சொல்லைக் கேட்டதாகச் சொல்வதைப் போல, என் பயணங்களை அது பக்கத்துத் தார்ச்சாலைக்கு இழுத்துப் போட்டிருந்தது. சிக்கு இல்லை, சிதறல் இல்லை. மயிலுக்காக நின்ற இடங்கள் பேருந்து நிறுத்தத்தருகே விழுந்திருந்தன. பார்ப்பவர் எவரும், ஒழுங்கான ஒரு பெண் ஒழுங்கான சாலையில் 37 முறை போய்வந்தாள் என்றே கொள்வர்.

பொருத்தியவற்றை அழித்துவிட்டேன், மூலக் கோப்புகளை அப்படியே வைத்திருக்கிறேன். அந்தப் பாதைகளை வரைந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 2004இல் தொடங்கிய அப்பெருந்தொகுப்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நிலத்தில் இன்று இருப்பதைச் சரிபார்த்து வரைவதே அங்கே முறை. இன்று அங்கே பாதை இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வழியில்லை. அதோடு, பாதையை வரைந்தால் அதில் நடந்தவர்களையும் காட்டிக்கொடுக்கிறோமா என்ற கேள்வி கள ஆய்வு செய்தவர்களுக்கு எழாமல் போகாது. அங்கே ஆடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். சுள்ளி பொறுக்கியவர்கள் இருந்தார்கள். என் முடிச்சுகள் சிலவற்றில் அவர்களும் உடன் நிற்கிறார்கள், ஒப்புதல் படிவம் எதிலும் கையெழுத்திடாமல்.

எனவே செய்திருப்பது இவ்வளவு. ஒவ்வொரு தடத்திலும் முதல் 500 மீட்டரையும் கடைசி 500 மீட்டரையும் வெட்டியிருக்கிறேன். நாளின் மணியை நீக்கி மாதத்தை மட்டும் வைத்திருக்கிறேன். மனிதரோடு நின்ற முடிச்சுகளை எடுத்துவிட்டு, மயிலோடும் மரத்தோடும் நின்றவற்றை விட்டிருக்கிறேன். எது எது என்பது என் நாட்குறிப்பிலிருந்து. உயர அளவுகளைத் தொடவில்லை. முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் குறிப்பு தமிழில் உண்டு, திசைகள் அம்மாவின் முறையில்: பாறைக்கு மேற்கே, பள்ளத்துக்கு வடக்கே. சூழலியல், புவியியல், இடப்பெயராய்வு செய்பவர்களுக்குப் பயன்படும் என்றால் தனிச்செய்தியில் எழுதுங்கள். எந்த ஆய்வுக்கு, எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று இரண்டு வரி போதும். பொது இணைப்பாக இடமாட்டேன். பருவத்தேர்வு விடைத்தாள்கள் மேசையில் கிடப்பதால் மறுமொழி சற்றுத் தாமதமாகும்.